ஒரு சொல்லையும் விடாதவர்

அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபித்துக்கொள்கிறவர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். தமக்கு ஒருவர் செய்ததைக் குரல் உயர்த்தாமல் வாங்கி வைத்துக்கொள்வார். பிறகு, அது எந்த மொழியில் செய்யப்பட்டதோ அந்த மொழியிலேயே திருப்பித் தருவார். இடையில் ஒரு மணி நேரம் போயிருக்கலாம். நாற்பது வருடமும் போயிருக்கலாம்.

ஷார்ஜாவில், தொழில்பேட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் ஆண்கள் வார்டில் நர்ஸ். அவர் மொழிபெயர்ப்பாளர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ரஷ்ய மொழி பேசும் வியாபாரிகள் துணியும் மின்சாதனங்களும் மூட்டை மூட்டையாக வாங்கிப்போக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கல்லடைப்பும் காய்ச்சலும் வரும் என்பதால் நிர்வாகம் இவரை வைத்திருந்தது. இவர் அஜர்பைஜான்காரர்; பெண்களின் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ‘ஹானிம்’ என்று சேர்ப்பது அந்த மக்களின் வழக்கம். பெயரைச் சொல்ல நாக்கு வளையாத நாங்கள், மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டு ஹானிம் என்றே கூப்பிட்டோம். அவருடைய சொந்தப் பெயரை இங்கேயும் எழுதாமல் விடுகிறேன். நம் எழுத்தில் அதைப் பிழையில்லாமல் எழுத முடியாது. பிழையாக எழுதினால் என்றைக்காவது அது அவர் காதுக்குப் போய்ச் சேரும்.

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். காதளவு வெட்டிய நரை முடி. மை தீட்டாமலே கறுத்திருக்கும் புருவங்கள். கேன்டீனில் கிடைக்கும் பால் தேநீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற பானம் என்பார். ஒரு ஃபிளாஸ்க்கில் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, அதன் வழியாகத் தேநீரை உறிஞ்சுவார். கட்டி கரைந்து முடியும்வரை பேசமாட்டார். அவர் ஏதோ யோசிக்கிறார் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் யோசித்துக்கொண்டும் இருப்பார்.

எங்கள் வார்டில் கனி பாய் என்று ஓர் அட்டெண்டர் இருந்தார். இராமநாதபுரத்துப் பக்கம். ஹானிமைப் பார்த்த முதல் நாளிலிருந்து “ரஷ்யாக்காரம்மா” என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஹானிம் என்னைக் கேட்டார். சொன்னேன். தலையசைத்துக்கொண்டார்.

“இவரை எப்படிக் கூப்பிட்டா இவருக்கு வலிக்கும் சிஸ்டர்?”

எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். நடுநடுவே உருது வந்து உட்காரும். நான் விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். “ஹிந்திக்காரர்னு சொல்லிப் பாருங்க.”

மறுநாளிலிருந்து வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்டது: “ஏ ஹிந்திவாலா, வீல்சேர்! ஹிந்திவாலா, ஜல்தி!” கனி பாய் முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம் மற்ற நர்சுகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்ததும் என்னிடம் வந்தார்.

“சிஸ்டர், அந்தம்மாட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நமக்கு ஹிந்தியே அரைகுறை. ரூம்ல பயலுவ என்னைய வச்சு ஓட்டுறானுவ.”

“நீங்க ரஷ்யாக்காரம்மான்னு சொல்றத நிறுத்துனீங்களா பாய்?”

“ரஷ்யா இல்லையா அவங்க? ரஷ்யாதான பேசுறாங்க?”

“நீங்க அவங்ககிட்ட என்ன பேசுறீங்க?”

“ஹிந்தி...” என்றவர் வாயைத் திறந்தபடியே நின்றார். “அட, ஆமா!”

நேரே ஹானிமிடம் போய், “மாஃப் கரோ ஹானிம்” என்றார். “கலாஸ்” என்றார் ஹானிம். அதோடு முடிந்தது. மறுநாள் கனி பாய்க்குத் தம் ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரும் கொடுத்தார். அவருடைய வஞ்சத்துக்கு ஒரு நேர்மை இருந்தது. வந்த அளவுதான் திரும்பிப் போகும். ஒரு பிடி கூடாது, ஒரு பிடி குறையவும் குறையாது.

இன்னொரு முறை, சிறுநீரகக் கல்லோடு ஒரு வியாபாரப் பெண்மணி வந்து சேர்ந்தார். அவர் அருகில் நின்று ஹானிம் பாகு நகரத்திலிருந்த உறவினர் ஒருவரோடு தொலைபேசியில் தம் மொழியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி ரஷ்ய மொழியில் ஏதோ முணுமுணுத்தார். ஹானிம் தொலைபேசியை அணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ‘மனுஷ மொழியில் பேசு’ என்று அந்தப் பெண்மணி சொன்னதாகப் பிறகு எனக்குத் தெரிந்தது. அடுத்த நான்கு நாட்களும் ஹானிம் அவரிடம் பேசிய ரஷ்ய மொழி, புத்தகங்களில் மட்டுமே புழங்குவதாம். எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பாடம் படிக்காமல் வகுப்புக்கு வந்த பிள்ளையின் முகத்தை எந்த மொழியிலும் அடையாளம் காணலாம். நான்காம் நாள் அந்தப் பெண்மணி கண் கலங்கி எதையோ கெஞ்சினார்.

“என்ன கேக்கிறாங்க?” என்றேன்.

“கொஞ்சம் எளிமையா சொல்லச் சொல்றாங்க. மனுஷ மொழி அவங்களுக்குக் கஷ்டமா இருக்காம்.”

ஆனால் மருத்துவர் சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் விட்டதில்லை. அதுதான் அவருடைய வேலை முறை. மருத்துவர் பெருமூச்சு விட்டால் ‘டாக்டர் பெருமூச்சு விடுகிறார்’ என்று அதையும் மொழிபெயர்ப்பார். நோயாளி மருத்துவரைத் திட்டினால் அந்த வசவும் அதன் சூடு ஆறாமல் ஆங்கிலத்தில் வந்து விழும். “இதையெல்லாம் எனக்குச் சொல்லியாகணுமா?” என்று ஒரு மருத்துவர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

“அவர் உங்களுக்குச் சொன்னது டாக்டர். நடுவுல நான் வச்சுக்க அது என்னோடது இல்ல.”

அவருடைய மக்களைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் தேநீர் நேரங்களில் அவர் சொன்னதுதான். அராஸ் என்ற ஆற்றின் இரு கரையிலும் அஜர்பைஜான் மக்கள் வாழ்கிறார்கள். வடகரையை ரஷ்யர்கள் நெடுங்காலம் ஆண்டார்கள். தென்கரை ஈரானோடு இருக்கிறது. இரண்டு கரையிலும் பேச்சு ஒன்றுதான். தென்கரையில் அதைத் துருக்கி என்பார்கள். எழுத்து மட்டும் வேறு. ஹானிம் தென்கரையில், தப்ரீஸ் நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அங்கே அவர்கள் மொழியைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதில்லை, பாரசீகம் மட்டும்தான். தந்தை வீட்டில் வைத்து அரபு எழுத்தில் அவருக்குத் தாய்மொழி எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சோவியத் ஆட்சி சரிந்து எல்லை திறந்ததும், ஆற்றைக் கடந்து பாகு நகரத்துக்குப் போனார். அங்கே அப்பாவின் அத்தை ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை.

“அவங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது லத்தீன் எழுத்து. ரெண்டு வருஷம் படிச்சதும் இனிமே ரஷ்ய எழுத்துன்னாங்க. நாப்பது வருஷம் அந்த எழுத்தைப் பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க. இப்ப நாடு விடுதலையாச்சு, மறுபடி லத்தீனாம். எழுபது வயசுல பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. ஒரு எழுத்தைக்கூட மறக்கல சிஸ்டர், ஆனா கைநாட்டு.”

பாகுவின் கடைகளில் ஹானிமின் தென்கரைப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அங்கே படித்தவர்கள் தங்களுக்குள் ரஷ்ய மொழியில்தான் பேசிக்கொள்வார்களாம். அவர்களுக்காகவே பத்து வருடம் உட்கார்ந்து ரஷ்ய மொழியைப் புத்தகம் புத்தகமாகப் படித்ததாகச் சொன்னார். மற்றவர்கள் ஆசைக்குப் படிப்பார்கள், பிழைப்புக்குப் படிப்பார்கள். இவர் பழிக்குப் படித்தவர்.

“உன் எழுத்தை யாராவது மாத்தினாங்களா?” என்று கேட்டார்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது லை, னை போன்ற எழுத்துகளுக்கு முன்னால் இருந்த துதிக்கையை எடுத்துவிட்டார்கள் என்றும், என் அப்பா கடைசிவரை பழையபடியேதான் கடிதம் எழுதினார் என்றும் சொன்னேன். காகிதத்தில் எழுதியும் காட்டினேன். அந்தத் துதிக்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க அப்பா சரியான ஆள்,” என்றார்.

எனக்குச் சில சொற்கள் கற்றுக்கொடுத்திருந்தார். சூ என்றால் தண்ணீர். ஆக்ரி என்றால் வலி. எவ் என்றால் வீடு. பில்மிரெம் என்றால் எனக்குத் தெரியாது. ஒரு நர்சுக்குப் போதும் என்று முப்பது சொற்களோடு நிறுத்திக்கொண்டார்.

பாரசீகம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மருத்துவமனைப் படிவத்தில் ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில் அதை அவர் எழுதவில்லை. ஈரானிய நோயாளிகள் வந்தால் வேறு ஆளைத் தேடுவார்கள். ஒரு முறை மேலாளர் அவருடைய கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈரான்ல பிறந்திருக்கீங்க, ஃபார்சி தெரியாதா?” என்று கேட்டார். “பிறந்த ஊர் நான் கேட்டு வாங்கினது இல்ல சார்,” என்றார் ஹானிம்.

அதற்கான காரணத்தை புஜைரா கடற்கரையில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார். மருத்துவமனையில் எங்களை ஒரு வெள்ளிக்கிழமை பேருந்தில் அங்கே சுற்றுலா கூட்டிப் போயிருந்தார்கள். மற்றவர்கள் கடலில் இறங்கியிருக்க, நாங்கள் கரையில் அமர்ந்து, எண்ணெய் ஏற்றக் காத்து நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கடற்கரைக்காரி; தூத்துக்குடியில் என் அப்பா கட்டுமரம் வைத்திருந்தார். நான் கப்பல்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் ஆரம்பித்தார்.

ஹானிமுக்குப் பத்து வயதில் தந்தை இறந்துவிட்டார். தங்கைக்கு நான்கு வயது. குழந்தை இல்லாத சித்தப்பா ஒருவர் பாரசீகம் பேசும் தூரத்து நகரம் ஒன்றில் இருந்தார். சின்னவளைத் தமக்குத் தரவேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போனார். தாயார் துருக்கி மட்டுமே அறிந்தவர். நீதிமன்றத்தில் பாரசீகம் மட்டுமே பேசலாம். நீதிபதி தலைநகரத்திலிருந்து புதிதாக வந்தவர். குமாஸ்தா அவர்கள் ஊர்க்காரர். முதல் நாள் நீதிமன்றப் படிக்கட்டில், ‘பயப்படாதே சகோதரி, நான் உள்ளே இருப்பேன்’ என்று துருக்கியில் தைரியம் சொன்னவர்.

“அம்மா என்ன சொல்றாங்கன்னு ஜட்ஜுக்குப் புரியல. குமாஸ்தாவைப் பார்த்து, உனக்கு இந்தப் பொம்பள பேசறது புரியுதான்னு கேட்டார். அந்த ஆள் நிமிர்ந்து நின்னு, புரியல ஐயா, பட்டிக்காட்டுச் சத்தம் அப்படின்னான். அம்மா அவன் சட்டையைப் பிடிச்சு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவன் அம்மாவோட கட்டை விரலைப் பிடிச்சு மையில் தொட்டு, காகிதத்துல அழுத்தினான். சம்மதிச்சுக் குடுக்கிறேன்னு அதுல எழுதியிருந்துச்சு.”

“நீங்க அங்க இருந்தீங்களா?”

“இருந்தேன். பள்ளிக்கூடத்து ஃபார்சி எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அவன் கண்ணால ஒரு முறை முறைச்சான். மூடிட்டேன்.”

பதினான்கு வருடம் கழித்து அந்தத் தங்கை ஒருநாள் தாயைப் பார்க்க வந்தாள். அவளுக்குத் துருக்கி ஒரு சொல்கூட நினைவில் இல்லை. தாயாருக்குப் பாரசீகம் இல்லை. நடுவில் ஹானிம் உட்கார்ந்தார். அதுதான் அவர் செய்த முதல் மொழிபெயர்ப்பு. என்னை ஏன் கொடுத்தாய் என்று கேள் என்றாள் தங்கை. ஹானிமுக்கு அதைத் தாயிடம் சொல்ல மனம் வரவில்லை. ‘உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்’ என்றார். ‘நல்லா இருக்கேன்னு சொல்லு’ என்றார் தாயார் மலர்ந்து. ஹானிம் அதை அப்படியே தங்கையிடம் சொன்னார்.

“ஏன் குடுத்தேன்னு கேட்ட பிள்ளைக்கு, நான் நல்லா இருக்கேன்னு பதில் போச்சு சிஸ்டர். எழுந்து போயிட்டா. அதுக்கப்புறம் வரவே இல்ல.”

அந்தக் குமாஸ்தாவின் பெயரை என்னிடம் சொன்னார். ஊரையும் தந்தை பெயரையும் சேர்த்து, சாட்சி சொல்வதுபோல். நான் நாள்தோறும் வேதம் வாசிக்கிறவள். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று ஏதோ சொன்னேன். “அவர் பார்த்துட்டுத்தான் இருந்தார்,” என்றார் ஹானிம்.

அடுத்த ஆண்டு, ஒரு புதன்கிழமை காலை, பக்கவாதத்தோடு ஒரு முதியவரை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். வலப்பக்கம் விழுந்திருந்தது. மகனுக்கு நாற்பது வயதிருக்கும். ஷார்ஜாவில் கம்பளக் கடை வைத்திருந்தார். முதியவர் பேசினார், ஆனால் மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் பாரசீகத்தில் சொன்னது முதியவருக்கும் எட்டவில்லை. அபூர்வமாக இப்படி நடக்கும் என்றார் மருத்துவர். பிற்காலத்தில் கற்றதெல்லாம் அழிந்து, முதலில் கற்றது மட்டும் மிஞ்சும்.

“இது என்ன மொழி சார்?” என்று மகனைக் கேட்டேன்.

“அவங்க ஊர்ப் பேச்சு. எங்க வீட்டுல அது கிடையாது. அது எங்க மொழியே இல்லைன்னு அப்பா சொல்வார். எங்க மூதாதையர் பேசினது பழைய அஸரி, ஃபார்சிக்கு உடன்பிறப்பு மாதிரி. குதிரையில வந்தவங்க துருக்கியைக் கொண்டுவந்து திணிச்சாங்க.”

கதவருகே வந்து நின்றிருந்த ஹானிம் இதைக் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார். “ஐநூறு வருஷத்துக்கு முன்னால செத்த மொழிக்கு ஒப்பாரி வைக்கிறாங்க. உயிரோட இருக்கிறதைக் கழுத்தை நெரிக்கிறாங்க.” சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த நோயாளியின் கோப்பை எடுத்துப் புரட்டினார். பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர். அதை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெயரை நான் புஜைராவில் கேட்டிருந்தேன்.

“இவர் பேசறது உங்களுக்குப் புரியுதா மேடம்?” என்றார் மகன்.

“பில்மிரெம்,” என்றார் ஹானிம். பிறகு ஆங்கிலத்தில், “எனக்குத் தெரியாது.”

கழுத்து இரத்தக்குழாயில் அறுவை சிகிச்சை என்று சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். சம்மதப் படிவத்தை நீட்டியபோது முதியவர் பேனாவைத் தட்டிவிட்டார். அவருக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு, மகனே கையெழுத்துப் போடுவதாக முடிவானது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் தட்டிவிட்டது புரியாமல் அல்ல. “கிஸிம், மெனி எவெ ஆபார்,” என்று ஒவ்வொரு முறை நான் தண்ணீர் கொடுக்கும்போதும் சொன்னார். மகளே, என்னை வீட்டுக்குக் கூட்டிப் போ. என் முப்பது சொற்களுக்குள் அது இருந்தது. மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஹானிம் தம் ஓய்வு நேரங்களில் எல்லாம் அந்தக் கட்டிலருகே வந்து நாற்காலி போட்டு அமர்ந்தார். முதியவர் அவரைப் பார்த்துப் பேசுவார். ஹானிம் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் புரிகிறது என்பது முதியவருக்கும் தெரியும். தலை அசைப்பிலேயே அது தெரிந்துவிடும். ஆனால் ஒரு சொல்கூடத் திரும்பி வராது. கனி பாய் எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார்: “பெரியவரு அழுவுறாரு, இந்தம்மா படம் பாக்குற மாதிரி உக்காந்திருக்கு. என்ன சிஸ்டர் நடக்குது இங்க?”

“ஒண்ணுமில்ல பாய், நீங்க அடுத்த பெட்டைப் பாருங்க,” என்றேன்.

இதை எழுதித்தான் ஆகவேண்டும். அந்த இரண்டு நாளும் எனக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்தது. அந்தத் தாயின் விரலைப் பிடித்து மையில் அழுத்திய கை, விழுந்து கிடந்த அந்த வலக்கைதான். அதை நான் தினமும் எடுத்துத் தலையணைமேல் வைத்தேன். என்னிடம் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அந்த நிறைவு என்னுடையதாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம்தான் பயம் வந்தது. விருப்பமில்லாத ஒருவரின் கழுத்தை நாளைக் காலை திறக்கப்போகிறார்கள். அது எனக்குத் தெரியும். ஹானிமிடம் போய், “நான் டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்” என்றேன்.

சர்க்கரைக் கட்டி கரையும்வரை அவர் பதில் சொல்லவில்லை.

“உனக்கு முப்பது வார்த்தை தெரியும். முப்பது வார்த்தையை வச்சு ஒரு மனுஷனை மொழிபெயர்க்க முடியாது. நான் வரேன்.”

தலை சீவிக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். மருத்துவரும் மகனும் நின்றிருந்தார்கள். அவர் துருக்கியில் முதல் வாக்கியத்தைச் சொன்னதும் முதியவரின் முகம் உடைந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், மனைவியை அடக்கம் செய்த ஊரில் தாமும் கிடக்கவேண்டும், சாவதற்குள் அங்கே போய்விடவேண்டும். ஹானிம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் தந்தார். “நோயாளி அழுகிறார்” என்பதையும் தந்தார். மருத்துவர் கோப்பில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

“தெரியாதுன்னு சொன்னீங்களே மேடம்,” என்றார் மகன்.

ஹானிம் அவர் பக்கம் திரும்பவில்லை. முதியவர் இவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டாராம். ஹானிம் பதில் சொன்னார். ஒரு பெண்ணின் பெயர், ஓர் ஊரின் பெயர், பிறகு சில வாக்கியங்கள். முதியவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, கண்ணைத் திறக்காமல், நிறுத்தி நிறுத்தி வெகுநேரம் பேசினார்.

“என்ன சொல்றார்?” என்றார் மகன்.

அப்போது ஹானிம் பாரசீகத்தில் பேச ஆரம்பித்தார். அந்த மொழியில் அவர் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அழகாக இருந்தது. அந்த அழகுதான் எனக்கு அச்சமாக இருந்தது. அவர் சொன்னதை அன்றிரவு எனக்கு வரி வரியாகச் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்றே நம்புகிறேன்.

‘எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னேன். புரியும் என்று சொன்னால் நீதிபதி என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார் என்று பயம். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், இனி இந்த மொழி என் வீட்டில் கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். பிள்ளையிடம் இதில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவளுக்கு வேறு மொழி தெரியாது. சத்தியத்தைக் காப்பாற்றினாள். சாகும்வரை பிள்ளையிடம் அவள் பேசவில்லை.’

மகன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதியவருக்கு அந்தப் பாரசீகத்தில் ஒரு சொல்லும் எட்டவில்லை. தம் கடைசி ஆசையைத்தான் இந்தப் பெண் மகனிடம் இவ்வளவு விரிவாக எடுத்துச் சொல்கிறாள் என்று நினைத்தார் போலும். நல்ல கையை நீட்டி ஹானிமின் கையைப் பற்றி, தம் நெற்றியில் வைத்துக்கொண்டார். “அல்லா செந்தென் ராஸி ஓல்சுன்,” என்றார். அல்லா உன்னால் மனம் மகிழட்டும்.

ஹானிம் அதையும் மகனுக்கு மொழிபெயர்த்தார்.

மகன் ஆங்கிலத்தில் சொன்னார்; என்னிடமா, ஹானிமிடமா என்று தெரியவில்லை. “எங்கம்மாவுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். அதை இவர்கிட்ட நானே சொல்லணும். எப்படிச் சொல்றது மேடம்? ஒரு வரிதான்.”

“மொழிபெயர்க்கிறதுதான் என் வேலை. கத்துக்கொடுக்கிறது இல்ல,” என்றார் ஹானிம். கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார். அவருடைய செருப்பின் ஓசை தாழ்வாரத்தில் சீராகப் போய் மறைந்தது. அவர் வாங்கியது அவ்வளவு. திருப்பித் தந்ததும் அவ்வளவு. அவருடைய அளவில் அது முடிந்திருந்தது. அன்றிரவுக்குப் பிறகு, அடுத்த ஆண்டு அவர் பாகுவுக்குத் திரும்பும்வரை ஒரு நாளும் அந்த மனிதரைப் பற்றி அவர் பேசவில்லை.

மகன் என் பக்கம் திரும்பினார்.

“சிஸ்டர், நீங்க அவர்கிட்ட ஏதோ சொல்றதைக் கேட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியுமா?”

எவெ. ஆபார். இரண்டே சொற்கள். மூன்று நாளாக அந்த முதியவரே அவற்றை எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“தண்ணி, வலி. அவ்வளவுதான் சார் தெரியும்,” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, தந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். வலக்கையை விரித்து, விமானம்போல் மெல்ல உயர்த்திக் காட்டினார். இன்னொரு முறையும் காட்டினார். முதியவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதுபோல், என்னைப் பார்த்தார்.